வெளிச்சம் தெரிஞ்சுது தம்பி: எங்கள் ஊர் இளைஞர் நற்பணி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மன்றத்துத் தம்பிகளுக்கும் பாப்பாக்களுக்கும்,

வண்டி விபத்தில் போய்விட்ட நம் பிள்ளைக்காகக் கடைத்தெரு ஆலமரத்தடியில் நீங்கள் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரை நேற்றுச் சாயங்காலம் நின்று பார்த்தேன். படத்தில் பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டு வண்டிமேல் சாய்ந்து நிற்கிறான். போன ஆவணியில் அவன் பிறந்தநாளுக்கு இதே மரத்தில் கட்டியதும் இதே படம்தான். மேலே இருந்த வாழ்த்து மட்டும் மாறியிருக்கிறது. கீழே வட்ட வட்டமாக உங்கள் முகங்கள் அப்படியே இருக்கின்றன. அவன் அம்மா ரேஷன் கடைக்கு இந்த வழியாக வர முடியாமல் கொல்லைப்புறமாகச் சுற்றிப் போகிறது. இதை உங்களிடம் நேரில் பேச எனக்கு நா எழவில்லை. அதனால் எழுதுகிறேன். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

என்னை நீங்கள் டிரைவர் மாமா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையுமாக முப்பது வருடம் அரசு பேருந்து ஓட்டியவன். அதற்கு முன்னால் ஓர் அரிசி ஆலையில் லாரி ஓட்டினேன். அந்த லாரியில் நடந்த ஒன்றை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

1986 மார்கழி. எனக்கு 23 வயது. லைசென்ஸ் கையில் இருந்தது, வண்டி என் சொல்லைக் கேட்டது, எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். வெண்ணாற்றங்கரைச் சாலையில் பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி. முன்னால் வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஊர்ந்து போகிறது. வளைவு என்று தெரிந்தும் அதை முந்தி ஏறினேன். என் ஹெட்லைட் இரண்டும் பிரைட்டில் எரிகின்றன, எதிரே எவர் வந்தாலும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார் என்பதுதான் என் கணக்கு.

எதிரே வந்தவர் பால்காரர். சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன். அவர் ஒதுங்கத்தான் பார்த்தார். கரையில் ஒதுங்க ஒரு முழம் இடம்தான் உண்டு. லாரியின் முன்மூலை கேனில் பட்டு, மனிதர் சைக்கிளோடு சரிவில் உருண்டார். நான் இறங்கி ஓடும்போது சாலையெல்லாம் பால். கறந்த சூடு ஆறாத பால், அந்தக் குளிரில் அதிலிருந்து லேசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் மார்கழிக் காலையில் டீக்கடைப் பால் பாத்திரத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு புரளும்.

அவருக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. தஞ்சாவூர் மெடிக்கலில் மூன்று மாதம் படுத்திருந்தார். என் மேல் வழக்கு நடந்தது, அபராதம் கட்டினேன். அவர் அதற்குப் பிறகு சைக்கிள் மிதிக்கவே இல்லை. ஒரு வருடம் கழித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "லைட்டு போட்டுத்தாண்ணே வந்தேன், உங்களுக்குத் தெரியலியா?" என்று கேட்டுவிட்டேன். அப்போதும் என் பக்கம் ஒரு நியாயம் தேடியிருக்கிறேன் பாருங்கள்.

அவர் சொன்னார்: "வெளிச்சம் தெரிஞ்சுது தம்பி. எவ்வளவு தூரத்துல வர்றே, எந்த வேகத்துல வர்றேன்னுதான் தெரியல."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மிச்ச காலமெல்லாம் வண்டி ஓட்டினேன். உங்களுக்கு நான் கொடுக்க இருப்பதும் அதுதான். உங்களில் யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. கிளட்ச், கியர், பேலன்ஸ் எல்லாம் என் வயதுக்காரர்களைவிட உங்களுக்கு நன்றாக வரும். எட்டு போட்டுக் காட்டி ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கி வருகிறீர்கள். ஆனால் நாம் சாலையில் இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது என்ற நம்பிக்கையோடு ஓட்டுகிறீர்கள். அந்த நம்பிக்கை பொய் என்பதை எட்டுப் போடும் மைதானத்தில் யாரும் காட்டித் தருவதில்லை.

போன காணும் பொங்கலன்று பிள்ளையார் கோயில் பக்கத்தில் நின்ற நைட் ஹால்ட் வண்டியில் நாம் செய்து பார்த்தது ஞாபகம் இருக்கும். அன்று வராதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரைவர் தம்பியிடம் கேட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், உங்களில் ஒருவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேருந்தைச் சுற்றி நான்கு பைக்கை நிறுத்தினோம். வலப் பக்கக் கண்ணாடிக்கு நேராக ஒன்று, இடப் பக்கம் பின் சக்கரத்துக்கு நேராக ஒன்று, முன் கண்ணாடிக்குக் கீழே இடது மூலையை ஒட்டி ஒன்று, பேருந்தின் முதுகோடு ஒட்டி ஒன்று. கண்ணைத் திறந்து எண்ணச் சொன்னால், "ரெண்டு மாமா" என்றான். மறுபடி எண்ணச் சொன்னேன். கழுத்தை நீட்டி, எழுந்து நின்று பார்த்துவிட்டு, "ரெண்டுதான்" என்றான். இறங்கி வந்து இன்ஜின் மூலைக்குக் கீழே நின்ற தன் சொந்த வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்.

நிற்கிற பேருந்தில், பகல் வெளிச்சத்தில், தேடு என்று சொல்லித் தேடியே இரண்டு வண்டி தெரியவில்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, படிக்கட்டில் தொங்குகிற பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, குறுகலான பாலத்தில் ஏறித் திரும்புகிற டிரைவருக்கு, இடப் பக்கமாக நுழைந்து வருகிற நீங்கள் எப்படித் தெரிவீர்கள்? நாம் அவருடைய கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தால்தான் அவராலும் நம்மைப் பார்க்க முடியும். முகம் தெரியாத வரைக்கும் பின்னாலேயே வாருங்கள்.

நம் பக்கத்துச் சாலை மற்ற ஊர்ச் சாலை மாதிரி இல்லை. ஆறு போன போக்கில் கரை, கரை போன போக்கில் தார். நான்கு கிலோமீட்டருக்கு நேராகப் போய், மதகு வந்ததும் சட்டென்று மேலே ஏறி, பாலத்தில் முழங்கை மாதிரி மடங்கும். மேலே ஏறும் வரை எதிரே வருகிறவர் தெரியமாட்டார், அவருக்கும் நாம் தெரியமாட்டோம். ஒவ்வொரு பருவத்துக்கும் சாலை குணம் மாறும். நடவு நேரத்தில் வயலிலிருந்து ஏறுகிற டிராக்டர் சக்கரத்தில் வந்த சேறு தார்மேல் அப்பிக் கிடக்கும். காய்ந்து கிடக்கும்போது ஒன்றும் செய்யாது. லேசாக ஒரு தூறல் விழுந்தால் சோப்பு மாதிரி ஆகிவிடும். பெருமழையைவிட முதல் தூறலுக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், ஆக்சிலேட்டரை விட்டு நேராகப் போய் இறங்குங்கள். கொள்முதல் நிலையம் திறந்திருக்கும் காலத்தில் சாலையோரம் நெல்லும், நெல்லைக் காக்கப் படுத்திருக்கும் மனிதரும் இருப்பார்கள். தார்ப்பாய் என்று நினைத்து ஏற்றிவிடக் கூடாது. அறுவடை முடிந்தால் ராமநாதபுரத்துக் கிடை ஆடு வரும், வாத்துக் கூட்டம் வரும். ஹாரன் அடித்தால் சிதறும். வண்டியை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் தானாகக் கடந்து போகும்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் தஞ்சாவூர், நாகப்பட்டினம் சாலையில் ராத்திரி முழுக்க இருப்பார்கள். காவி உடை இருட்டில் கண்ணில் படாது. கால் வலித்தவர்கள் அப்படியே வெள்ளைக் கோட்டின்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பத்து நாளும் ராத்திரியில் அந்தச் சாலைக்குப் போகாமல் இருக்க முடிந்தால் போகாதீர்கள்.

ராத்திரி எதிரே ஒற்றை வெளிச்சம் வந்தால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பக்க லைட் போன டிராக்டராக இருக்கலாம், பின்னால் வெளிச்சமே இல்லாத டிரெய்லரை இழுத்து வரலாம். அது எந்தப் பக்கத்து லைட் என்று தெரியும் வரைக்கும் நடுச்சாலை அவருடையது என்று வைத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள். எதிரே வருகிறவர் டிப் அடிக்கவில்லை என்று பதிலுக்கு நீங்களும் பிரைட் போடுவது பழக்கமாகியிருக்கிறது. அப்புறம் இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருகிறார்கள். நீங்கள் டிப் அடித்து, வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்துக் கோட்டைப் பாருங்கள்.

வேகத்தைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆபத்தைக் கண் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு விநாடி ஆகிறது. அதாவது பிரேக் பிடிக்கும் முன்பே பஞ்சாயத்து போர்டு வாசலிலிருந்து டீக்கடை வரைக்கும் வண்டி போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். போனில் யார் என்று பார்க்க இரண்டு விநாடி குனிந்தால், கண்ணைக் கட்டிக்கொண்டு 33 மீட்டர் ஓட்டியதாகக் கணக்கு. நான் ஓட்டிய காலத்தில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, கேட் திறந்ததும் அந்த அரைமணியைச் சாலையில் பிடிக்கப் பார்த்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மன்னார்குடி போய்ச் சேரும்போது எனக்கு முன்னால் இரண்டே நிமிடம்தான் போயிருப்பார்கள்.

ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறீர்கள். போலீஸ் நிற்கும் இடம் வந்தால் தலைக்கு ஏறுகிறது, தாண்டியதும் இறங்குகிறது. பிடித்தால் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைக்கவும் சட்டம் இருக்கிறது. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு வேறொன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் விளக்கு வெளிச்சத்துக்குப் பச்சைப் பூச்சி எப்படி மொய்க்கும் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் அதில் ஒன்று கண்ணில் அடித்தால் இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிய வண்டிகளைக் கயிறு கட்டித் தூக்கியிருக்கிறேன். முகம் மூடும் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தாடைக்குக் கீழே பக்கிளைப் போடுங்கள். பக்கிள் போடாத ஹெல்மெட் தலைக்கு முன்னால் பறந்துவிடும். ஆலமரத்துப் பேனரில் இருக்கிற பிள்ளையின் ஹெல்மெட் ஒரு கீறலும் இல்லாமல் முப்பதடி தள்ளிக் கிடந்தது. தூக்கி வந்து அவன் அப்பாவிடம் கொடுத்தது நான்தான்.

கார் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் கரைக்கும் தண்ணீருக்கும் இடையே ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. கார் தண்ணீரில் இறங்கிவிட்டால் கதவைத் தள்ளிக்கொண்டே நேரத்தை விடாதீர்கள், வெளியிலிருந்து தண்ணீர் அழுத்தும், திறக்காது. பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை உடனே இறக்கி, சின்னப் பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளி, ஜன்னல் வழியாக வெளியேறுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் முடித்தாக வேண்டிய வேலை இது.

இதைப் பெற்றவர்களும் படிப்பார்கள், அதனால் அவர்களுக்கும். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு, "டீ வாங்கத்தானே போறான்" என்று சாவியைக் கொடுக்கிறீர்கள் அண்ணன்மாரே, அண்ணிமாரே. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் சாவி கொடுத்த பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவர் மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலிக்கக் கோர்ட் உத்தரவிடலாம். நம் ஊரில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஒரு மா நிலத்தை விற்றுத்தான். புது பைக் வாங்கும்போது ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் போடுகிற மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஆறாவது வருடம் தானாக நீளாது. வீட்டுக்குப் போய் ஆர்.சி. புத்தகத்தோடு அந்தத் தாளையும் எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால் சுற்றி நின்று போனில் படம் எடுக்காதீர்கள். 108க்கு அடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள், கழுத்து எலும்பு நகர்ந்துவிடும். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே என்று ஒதுங்க வேண்டாம். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பணம் யார் கட்டுவது என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், அரசு தன் செலவில் பார்க்கிறது. எங்கள் காலத்தில் தலையில் அடி என்றால் தஞ்சாவூர் ஒன்றுதான் கதி, போகும் வழியிலேயே பாதிப் பேர் கண்ணை மூடிவிடுவார்கள். இப்போது திருவாரூரிலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாகப்பட்டினத்திலும் இருக்கிறது. கிடக்கிறவரைச் சரியாகத் தூக்கி ஏற்றிவிட்டால் பிழைக்க வழி உண்டு.

இனி மன்றத்திடம் நான் கேட்பது.

அடுத்த பிறந்தநாள் பேனருக்கு ஒதுக்கும் பணத்தை எனக்குக் கொடுங்கள். இருட்டில் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர் சுருள் வாங்கி, நம் ஊரில் இருக்கிற எல்லா டிரெய்லர், பால் சைக்கிள், மாட்டு வண்டி, பவர் டில்லருக்கும் பின்னால் ஒட்டிவிடுவோம். ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலை. மதகுப் பாலத்து வளைவில் கட்டைச்சுவர் இடிந்து கிடக்கிறது. அங்கே ஒரு குவி கண்ணாடியும் ஒளிரும் கல்லும் வைக்கச் சொல்லி வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். நான் ஒருவன் எழுந்து கேட்டால் கிழவன் பேசுகிறான் என்று போய்விடும். நீங்கள் ஐம்பது பேர் வந்து உட்கார்ந்தால் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். புதிதாக லைசென்ஸ் வாங்குகிற ஒவ்வொருவரும் மூன்று பேராக ஏறுவதில்லை, முதல் ஒரு வருடம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தனியாக எடுப்பதில்லை, குடித்தவன் கையில் சாவி இருந்தால் யாராக இருந்தாலும் பிடுங்கி வைப்பது என்று மன்றத்தில் பேசி முடிவெடுங்கள். சேலை கட்டிய அம்மாவையோ துப்பட்டா போட்ட தங்கையையோ பின்னால் உட்கார வைத்தால், முந்தானை எங்கே தொங்குகிறது என்று பார்த்த பிறகே கிளட்சை விடுங்கள். வண்டியே ஓட்டாதே என்று நான் சொல்லவில்லை. உரம் வாங்கவும் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வண்டி இல்லாமல் நம் ஊரில் காரியம் ஆகாது. ஓட்டத்தான் வேண்டும். அந்த முதல் வருடத்தில் மட்டும், வாரம் ஒருநாள், உங்கள் வண்டியின் பின்னால் நான் உட்கார்ந்து வருகிறேன். எங்கே முன்னவன் முகம் கண்ணாடியில் தெரிகிறது, எந்த மதகில் எவ்வளவு தூரத்துக்கு முன்னால் ஆக்சிலேட்டரை விட வேண்டும், பனியில் எந்த வேகம் தாங்கும் என்று காதோடு சொல்லிக்கொண்டே வருகிறேன். எனக்கு இப்போது வேறு டியூட்டி இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மதகுப் பாலத்தடியில் நிற்பேன். ஹெல்மெட் இரண்டு எடுத்து வாருங்கள், ஒன்று எனக்கு. பேனரை அதற்கு முன்னால் அவிழ்த்துவிடுங்கள், அந்த அம்மா நேர்வழியாக ரேஷன் கடைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர் மாமா